ஒரு பெட்டி, இரண்டு சம்பந்தி

காலை ஆறு மணிக்கு ஹெட்மாஸ்டர் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினார். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு, "சம்பந்தி, கொஞ்சம் இங்க வர முடியுமா? அவசரமில்ல, வேலையை முடிச்சிட்டு வாங்க" என்றார். அந்தக் குரலில் வழிந்த பணிவைக் கேட்டதுமே, அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் கலங்கிப்போனார்.

அவர் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

மெக்கானிக்கின் மகனுக்கும் ஹெட்மாஸ்டரின் மகளுக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். இரு பக்கமும் தாய் இல்லை. அப்பாக்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். மெக்கானிக் முப்பத்திநாலு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஹெட்மாஸ்டர் அதே அளவு காலம் பிள்ளைகளின் தமிழைப் பழுது பார்த்தவர். தனித்தனியாகக் கிடந்து அல்லாடுவதைவிடத் தங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பார்த்துக்கொண்டார்கள்தான். முறைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் சம்பந்திகள் சண்டை போட முடியாது. அண்ணன் தம்பி என்றால் கத்தலாம், நண்பன் என்றால் "போடா" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சம்பந்தியிடம் அது நடக்காது. கோபம் வரவர மரியாதை ஏறும். "நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று ஒருவர் சொன்னால், மற்றவருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போல இருக்கும்.

வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஹெட்மாஸ்டர் ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விண்டோஸ்தான் பழக்கம். அதில் ஐகான்கள் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் வீட்டுக்குத் திருடன் வந்துவிட்ட மாதிரி பதறுவார். மெக்கானிக், ஒரு தொழிற்பயிற்சி நிலையம் கேட்டதற்காக லிஃப்ட் ஒயரிங் படங்களை வரைந்துகொண்டிருந்தார். அதற்கு ஏற்ற மென்பொருள் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் நன்றாக ஓடியது. அதைவிட முக்கியமாக, ஹெட்மாஸ்டரின் கைபடாத இடமாக அது இருந்தது. ஆகவே மகன் அந்த ஒரே பெட்டிக்குள் இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு குடித்தனம் வைத்துக் கொடுத்தான். பொத்தானை அமுக்கினால் திரையில் இரண்டு பெயர்கள் வரும். பத்து விநாடிக்குள் எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் முதலில் இருக்கும் விண்டோஸ் தானாகத் திறக்கும்.

இந்த 'தானாக' என்பதுதான் மெக்கானிக்கின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் ஏன் தானாக? நம்முடையது என்ன கொல்லைப்புறக் கதவா? முந்தாநாள் மதியம், ஹெட்மாஸ்டர் தூங்கிய நேரம் பார்த்து, இணையத்தில் படித்த குறிப்பின்படி நாலு வரியை மாற்றினார். லினக்ஸ் முதலில் வந்தது. பத்து விநாடி இரண்டு விநாடியானது. மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டி முடிப்பதற்குள் எதிராளியின் வீட்டுக்குள் போய் விழுந்தார். மூன்று தடவை அணைத்து, மூன்று தடவை போட்டு, நாலாவது தடவை விரலைப் பொத்தான் மேலேயே வைத்துக் காத்திருந்து பிடித்தார். மெக்கானிக் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இன்றைக்கு அந்தச் சிரிப்பெல்லாம் வற்றிப்போயிருந்தது. டீயை வைத்துவிட்டு வந்து பார்த்தார். கன்னங்கரேலென்ற திரை. மேலே ஆங்கிலத்தில் இரண்டே வரி. அதன் முடிவில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அப்படி ஒரு பகுதியே இல்லைன்னு சொல்லுது சம்பந்தி" என்றார் ஹெட்மாஸ்டர். "கீழ மீட்புன்னு ஒரு வார்த்தை இருக்கு. யார் யாரை மீட்கணும்னு சொல்லல. எழுவாய் இல்லாத வாக்கியம்."

மெக்கானிக் திரையை உற்றுப் பார்த்தார். நாம் கை வைத்த இடம்தான், சந்தேகமே இல்லை. நேற்று நன்றாக ஓடியதே என்று மனசு ஒரு பக்கம் வாதாடியது. ஆனால் லிஃப்டில் தப்பாகக் கொடுத்த இணைப்பு மறுநாள் பல்லைக் காட்டுவதை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்!

"பழைய மெஷின் இல்லையா" என்றார். "யார் தப்பும் இல்ல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

"சேச்சே, உங்க தப்புன்னு நான் சொல்லுவேனா?" என்றார் ஹெட்மாஸ்டர். "நீங்க கை வச்சா எதுவும் சரியாத்தான் ஆகும். எனக்கு அது தெரியாதா?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. குத்தலா என்று முகத்தைத் தேடினார். முகம் நிஜமாகவே குழைந்திருந்தது.

பிள்ளைகளைக் கேட்கலாமென்றால் இருவரும் நேற்று இரவுதான் வேலை விஷயமாக விமானம் ஏறியிருந்தார்கள். மாலை வரை தொடர்புகொள்ள வழியில்லை. இதற்கிடையில் ஹெட்மாஸ்டரின் குறுக்கெழுத்து பன்னிரண்டு மணிக்குள் பத்திரிகை அலுவலகம் போய்ச்சேர வேண்டும். அது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு வாரம்கூட அவர் தவறவிட்டதில்லை.

மெக்கானிக் தொழில் முறைப்படி இறங்கினார். லிஃப்ட் நின்றால் முதலில் மின்சாரம், அப்புறம் கதவு, அப்புறம்தான் மற்றதெல்லாம். பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசியை ஊதினார். உள்ளே எல்லா ஒயரையும் ஒரு தடவை அமுக்கிவிட்டார். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் டார்ச் பிடித்தார். பிடித்ததோடு நில்லாமல், "அடடா, என்ன லாகவம்" என்று வேறு சொன்னார். மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

எட்டு தடவை போட்டுப் பார்த்தார்கள். எட்டு தடவையும் அதே கறுப்புத் திரை, அதே இரண்டு வரி.

"கடைக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் மெக்கானிக்.

"நான் தூக்குறேன். உங்களுக்கு முதுகு வலி."

"உங்களுக்கு மூட்டு வலி. நான் தூக்குறேன்."

கடைசியில் பெட்டியைப் போர்வையில் கிடத்தி ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறங்கினார்கள். லிஃப்டில் கூட வந்த மூன்றாவது மாடி அம்மாள் போர்வையையும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

ரிப்பேர் கடை அடுத்த தெருவில் இருந்தது. பத்து மணிக்கு ஷட்டர் ஏறியதும் முதல் ஆட்களாக நுழைந்தார்கள். சுவர் முழுக்க வயிறு திறந்த கம்ப்யூட்டர்கள். நடுவில், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடைக்கு முதலாளியும் அவள்தான், ரிப்பேர் செய்வதும் அவள்தான். பெட்டியை மேஜையில் வைத்து ஒயர்களை மாட்டினாள். கறுப்புத் திரையைப் பார்த்து, "ம்" என்றாள். டாக்டர்கள் சொல்லும் அதே "ம்".

"கடைசியா இதுல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், இருபது வருஷமா இந்தக் கடை வச்சிருக்கேன். ஜோடியா வர்றவங்க யாரும் உண்மையைச் சொன்னதில்ல. நீங்க வெளிய நில்லுங்க" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள். "நீங்க இருங்க."

ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்திய மனிதர் தானே வெளியே போய் நின்றார்.

கண்ணாடிக் கதவு மூடியதும் மெக்கானிக் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டினார். நாலு வரி, இரண்டு விநாடி, செய்தித்தாள் எல்லாம். "அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்மா. சம்பந்தி. என் மருமகளோட அப்பா. இந்த வயசுல நான் சின்னப்பிள்ளை மாதிரி..."

"புரியுது. இப்ப நீங்க வெளிய போங்க, அவரை வரச் சொல்லுங்க."

இப்போது மெக்கானிக் தெருவில் நின்றார். கண்ணாடி வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. முதலில் ஹெட்மாஸ்டர் விறைப்பாக நின்றார். பிறகு தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கைகளை முன்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் ஏதோ கேட்க, அவர் ஒரு விரலால் காற்றில் பொத்தானை அமுக்கிக் காட்டினார். அதைப் பார்த்ததும் அவள் தலைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. காலையிலிருந்து வழிந்த அத்தனை பாராட்டும் சும்மா வரவில்லை!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "என்ன சம்பந்தி பண்ணீங்க?"

ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்தார். "இடம் பத்தலைன்னு நேத்து சாயங்காலம் ஒரு எச்சரிக்கை வந்துது. எங்கயாவது இடம் இருக்கான்னு பார்த்தேன். ஒரு பெரிய பகுதி சும்மா கிடந்துது. அதுக்குப் பேரு இல்ல. சி, டின்னு எழுத்தும் இல்ல. உள்ள என்ன இருக்குன்னும் காட்டல. யாருக்கும் சொந்தமில்லாத இடம்னு..."

"சொந்தமில்லாத இடமா?"

"அழிச்சிட்டேன்."

மெக்கானிக் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நாற்பத்தொரு படங்கள். ஒன்பது மாத உழைப்பு. ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி, மெஷின் ரூம், வியர்வை. அதைப் பேர் இல்லாத புறம்போக்கு என்று நினைத்து இந்த மனுஷன் ஒரே விரலால் தட்டிவிட்டார்.

"நீங்க பெரியவங்க" என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். அதற்குமேல் மரியாதை கிடைக்கவில்லை. "யோவ், என்னய்யா மனுஷன் நீ!"

இரண்டு வருடமாகக் கட்டிக் காத்த 'நீங்க' உடைந்து தரையில் கிடந்தது. ஹெட்மாஸ்டர் அதை எதிர்க்கவில்லை.

"திட்டுய்யா" என்றார். "நல்லா திட்டு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. அழிச்சதுக்கு அப்புறம்தான் அது உன்னோடதா இருக்குமோன்னு தோணிச்சு. கேக்கவும் பயம், சொல்லவும் பயம். காலையில போட்டா எல்லாம் சரியா வந்துடும்னு ஒரு நப்பாசை."

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அந்தப் பெண். "அழிச்ச பிறகு அந்த இடத்துல வேற ஏதாவது பண்ணீங்களா? அதை உங்க பக்கத்தோட சேர்த்தீங்களா?"

"சேர்க்கத்தான் போனேன். அதுக்குள்ள பொண்ணு கூப்பிட்டா. சூட்கேஸ் மூட மாட்டேங்குது, வந்து மேல உக்காருங்கப்பான்னா. உக்கார்ந்துட்டு வந்து மெஷினை அணைச்சிட்டேன்."

"அந்த சூட்கேஸுக்குக் கோடி நமஸ்காரம்" என்றாள். மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். "சார், வீட்டு வாசல்ல இருக்கிற நம்பரை அழிச்சா வீடு போயிடாது. தபால்காரருக்குத்தான் வழி தெரியாது. உள்ள உங்க சாமான் எல்லாம் அப்படியே இருக்கும், மேல யாரும் எதுவும் கட்டாத வரைக்கும். மெஷின் ஆரம்பிக்கிறப்ப அந்த ரெண்டு பெயரையும் காட்டுற பட்டியலும் உங்க பக்கத்துலதான் இருந்துது. அதனாலதான் இப்ப எதுவுமே திறக்கல. தேடி எடுக்கலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும்."

மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது.

"ஐயாவோட பக்கம் பத்திரமாத்தான் இருக்கு. பின்வாசல் வழியா இப்பவே திறந்து காட்டலாம். எதை முதல்ல பாக்க?"

மணி பத்தே முக்கால். கணக்குப் போட ஒன்றுமில்லை. குறுக்கெழுத்து பத்து நிமிட வேலை. அது மெக்கானிக்குக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் வாய் திறக்க மறுத்தது. 'என்னோடதை முதல்ல பாரும்மா, அவரோடது போனா போகட்டும்' என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஹெட்மாஸ்டர் தன்னுடையதை முதலில் எடுக்கும்படி கேட்கவில்லை. மேஜை மேல் இருந்த ஒரு திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரோட குறுக்கெழுத்தை எடுத்துக் குடும்மா" என்றார் மெக்கானிக். "பதினோரு வருஷமா தவறாம அனுப்புறவர்."

அவள் ஏதோ ஒரு விசையைத் தட்டிக்கொண்டே மெஷினைப் போட்டாள். வேறொரு பட்டியல் வந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்ததும் ஹெட்மாஸ்டரின் திரை, ஒரு ஐகான்கூட நகராமல், அப்படியே விரிந்தது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று குறுக்கெழுத்தைத் திறந்தார். மெக்கானிக் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது என்ன? இடமிருந்து வலம், மூணு எழுத்து. 'மின்தூக்கியைத் தாங்குவது'. விடை கம்பியா?"

"ஆமா."

"எவன் சொன்னான் கம்பின்னு? அது கயிறு. எஃகுல செஞ்சாலும் கயிறுதான். முப்பத்திநாலு வருஷம் அதுலதான் தொங்கியிருக்கேன்."

"பார்க்கக் கம்பி மாதிரிதானே..."

"கம்பி வளைஞ்சா உடையும். கயிறு வளையும், சுத்தும், திரும்பும். கம்பின்னு போட்டு அனுப்பினா ஊர்ல இருக்கிற அத்தனை லிஃப்ட்காரனும் சிரிப்பான்."

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. "கயிறு. அதுவும் மூணு எழுத்து. ஆனா நடு எழுத்துல மேலிருந்து கீழா 'பாம்பு' வெட்டுது. ம் போய் யி வரணும். நடுவுல யி வர்ற மூணு எழுத்துச் சொல்..."

"வெயில்" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமல்.

ஹெட்மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில், பரிசு நாளன்று மேடையில் நின்ற பழைய பெருமிதம் இருந்தது. பாம்பை அழித்து வெயிலை எழுதினார். அதற்கு ஒரு குறிப்பும் எழுதினார். பதினொன்று இருபதுக்கு அனுப்பியும் விட்டார்.

அப்புறம் தேடல் ஆரம்பித்தது. அவள் ஒரு பென்டிரைவைச் சொருகி வேறொரு நிரலை ஓடவிட்டாள். திரையில் எண்கள் ஏறின. ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருப்பவர்கள் மாதிரி அதையே பார்த்தார்கள்.

முப்பது சதவீதத்தில் மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "நேத்துக் காலையில நீங்க மூணு தடவை என் பக்கத்துல போய் விழுந்தீங்க இல்ல?"

"ஆமா. என் விரல் நடுங்குதோன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட போகணும்னு முடிவே பண்ணிட்டேன்."

"விரல் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நேரத்தைக் குறைச்சேன்."

ஹெட்மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"நான் நேத்துலேர்ந்து கையை நீட்டி நீட்டிப் பார்த்துட்டு இருக்கேன். உயிலைப் பத்திக்கூட யோசிச்சேன்யா!"

பெஞ்சு ஆடியது. கோபத்திலா என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். சிரிப்பில். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமலில் போய் மாட்டிக்கொண்டார்.

எழுபத்திரண்டு சதவீதத்தில் ஒரு பச்சை வரி வந்தது. அவள் அதைத் திறந்தாள். நாற்பத்தொரு கோப்புகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, மெக்கானிக் வைத்த பெயரோடு நின்றன. அவர் எழுந்து போய் எண்ணினார். மறுபடி எண்ணினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். ஹெட்மாஸ்டர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

மாலையில் பிள்ளைகள் தரையிறங்கி அழைத்தார்கள். இரண்டு பேர் முகமும் ஒரே சின்னத் திரையில் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன.

"எல்லாம் நல்லா இருக்கா?" என்றாள் மகள்.

"உங்கப்பா என் வீட்டை இடிச்சிட்டாரும்மா" என்றார் மெக்கானிக்.

"உன் மாமனார் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார்" என்றார் ஹெட்மாஸ்டர்.

மறுமுனையில் இருவருக்கும் முகம் வெளுத்தது. முழுக் கதையையும் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒருவர் சொல்வதை மற்றவர் நடுவில் பாய்ந்து திருத்தினார். கேட்டு முடித்ததும் மகன் பெருமூச்சு விட்டு, வந்ததும் முதல் வேலையாக ஆளுக்கொரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்துவிடுவதாகச் சொன்னான்.

"எதுக்கு?" என்றார் ஹெட்மாஸ்டர். "ரெண்டு இருந்தா ரெண்டும் கெடும். தூக்கிட்டுப் போறதுக்கு ரெண்டு போர்வை வேணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹெட்மாஸ்டர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். ஆனால் தன் பக்கத்தைத் திறக்கவில்லை. அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், காட்ட முடியுமா என்று கேட்டார். மெக்கானிக்குக்குக் காது வரை சந்தோஷம். டீயைக் கையில் கொடுத்துவிட்டு முதல் படத்தைத் திறந்து, எந்த ஒயர் எங்கே போகிறது, கதவு மூடாவிட்டால் மெஷின் ஏன் நகராது என்று விரிவாக விளக்கினார். ஹெட்மாஸ்டர் கூர்ந்து கேட்டார். நடுநடுவே தலையாட்டினார்.

"பிரமாதம்" என்றார் கடைசியில். "ஒரே ஒரு விஷயம். இங்க 'கருப்பு ஒயர்'னு போட்டிருக்க. அது கறுப்பு. வல்லின று. கருப்புன்னா பஞ்சம்."

"ஒயர்ல என்னய்யா பஞ்சம்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். அப்புறம் இது, 'சுவற்றில் பொருத்தவும்'. சுவற்றில் இல்ல, சுவரில். அடுத்த படத்தைத் திற, பார்ப்போம்."

மெக்கானிக் அடுத்ததைத் திறந்தார். அதிலும் நாலு பிழை இருந்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து போய்த் தன் அறையிலிருந்து ஒரு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நீண்ட வேலைக்கு உட்காரும் மனிதனைப் போல உட்கார்ந்தார்.

இன்னும் முப்பத்தொன்பது படங்கள் பாக்கி இருந்தன. அழிந்தே போயிருக்கலாமோ என்று மெக்கானிக்குக்கு ஒரு நொடி தோன்றியது. பிறகு தன் நாற்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த மூணாவது படத்துல பிழையே இருக்காது, பந்தயம்" என்றார்.